ஆளுக்கும் கேட்கும்படி ஒரு நன்றி

சலவைக்கூடத்தின் சுடர்விளக்கே என்று தொடங்கினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்லியே அழைக்கிறோம். கறை கண்டு முகம் சுளிக்காதவரே, கடிந்து பேசியதைக் கடைசி மணிக்குள் மறந்தவரே, மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எங்களை இத்தனை காலம் கட்டி மேய்த்து இன்று பணிநிறைவு பெறும் எங்கள் மேற்பார்வையாளர் அக்கா அவர்களே, வணக்கம்.

உங்கள் பெருமைகளில் எதை எழுதுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். கடைசியில் எல்லாரும் வந்து நின்ற இடம் காலை ஜெபம்தான். முதல் இயந்திரம் ஓடுமுன் மடிப்பு மேசையைச் சுற்றி எங்களை நிறுத்திக் கண்ணை மூடுவீர்கள். அளவற்ற கிருபைகளுக்காக என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கும் வியாபாரம் உங்களிடம் கிடையாது. மூன்றாவது இயந்திரம் ஒழுகாமல் ஓடியதற்கு ஸ்தோத்திரம், டிரைவர் துணி வண்டியைச் சுவரில் இடிக்காமல் வாசல்வரை பின்னால் எடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்று எல்லாம் சில்லறையாகத்தான் வரும்.

"அக்கா கடவுளுக்கு தினமும் ரிப்போர்ட் குடுக்குறாங்கப்பா" என்று ஒருநாள் டிரைவர் கேலி செய்தார். ஜெபம் முடிந்ததும் நேராக அவரிடமே போனீர்கள்.

"வண்டியை நல்லா நிறுத்தின தம்பி. நன்றி."

"அதான் மேல சொல்லிட்டீங்களேக்கா."

"அவருக்குக் கேட்டிருக்கும். உனக்குக் கேட்டுச்சான்னு பாக்க வேணாமா?"

கடவுளிடம் சொன்ன நன்றி ஆளிடமும் போய்ச் சேரவேண்டும் என்பது உங்கள் கட்சி. உங்கள் ஆலயத்துக்கு வராத எங்களில் சிலரும் அதன்பிறகு அந்த மேசையருகே வாய் திறந்தோம்.

அங்கேதான் ஒரு தவறும் நடந்தது. அதை மறைத்துப் பாராட்டினால் இந்த மடல் பொய்யாகிவிடும். எழுதுங்கள் என்று சம்பந்தப்பட்ட இருவருமே சொல்லிவிட்டார்கள்.

இஸ்திரிக்காரரின் மனைவிக்கு இதே மருத்துவமனையின் மாடியில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல் அம்மாவின் கணவரும் அதே வார்டில், அதே நோயோடு கிடந்தார். இஸ்திரிக்காரரின் மனைவி பிழைத்தார். தையல் அம்மாவின் கணவர் போய்விட்டார். துக்கம் முடிந்து தையல் அம்மா வேலைக்குத் திரும்பிய காலையும், மனைவியை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொன்ன காலையும் ஒன்றாக அமைந்தன. சந்தோஷத்தில் இஸ்திரிக்காரருக்குக் கண் மண் தெரியவில்லை. "ஒரே வியாதி, ஒரே டாக்டர். அதுல என் சம்சாரத்தை மட்டும் காப்பாத்திக் குடுத்தீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றார். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் தையல் அம்மா இல்லை.

அன்று இஸ்திரிக்காரர் ஒரு டாக்டரின் அங்கியைக் கருக்கிவிட்டு உங்களிடம் வந்தார்.

"நான் நன்றிதானேக்கா சொன்னேன்?"

"சொன்ன. அவங்க வீட்டுச் சாவைப் பக்கத்துல வச்சு அளந்து சொன்ன."

"மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"கேளு. உடனே மன்னிச்சிடணும்னு எதிர்பாத்துக் கேக்காத."

கேட்டார். தையல் அம்மா தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்காமல் "சரி" என்றார். அந்தச் சரி இஸ்திரிக்காரருக்குச் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

அதன்பிறகு தையல் அம்மா ஜெபத்துக்கு வரவில்லை. எந்த நிலையிலும் துதிக்கவேண்டும், அவரைக் கூப்பிடுங்கள் என்று எங்களில் சிலர் உங்களை நச்சரித்தோம். நீங்கள் போய் அவரருகே உட்கார்ந்தீர்கள்.

"எனக்கு வாய் வரலைக்கா."

"வராட்டி சொல்லாத. உன் இடத்துல வேற யாரையும் நிக்க விடமாட்டேன், அவ்வளவுதான்."

சொன்னபடியே செய்தீர்கள். வட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி அப்படியே இருந்தது. ஒருநாள் டிரைவர் அதில் நகர்ந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினீர்கள். இஸ்திரிக்காரர் தினமும் அந்த வெற்றிடத்தின் அருகே நின்றார். ஸ்தோத்திரம் என்று வாயெடுத்தால் அவர் சொன்ன அந்த 'மட்டும்' முன்னால் வந்து மறித்தது. அவரையும் நீங்கள் வற்புறுத்தவில்லை.

தையல் அம்மாவின் கத்தரிக்கோல் துணியைக் கடித்துக் குதறுவதை இஸ்திரிக்காரர் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்த அம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து எடுத்துப்போய்ச் சாணை பிடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கைப்பிடியில் கஞ்சி ஒட்டியிருந்ததாம். இந்தக் கூடத்தில் கஞ்சிக் கையோடு திரிகிறவர் ஒருவர்தானே.

மறுநாள் காலை தையல் அம்மா வந்து அந்த இடைவெளியில் நின்றார். "கத்தரிக்கோல் நல்லா வெட்டுது. ஸ்தோத்திரம்" என்றார். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள்.

"ஆளுகிட்டயும் சொல்லிடும்மா."

அவர் பக்கத்தில் திரும்பினார். "நன்றிண்ணே." சற்று நின்று, "அண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"நடக்குறாம்மா" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரர் அவசரமாகத் தன் இஸ்திரி மேசைக்குத் திரும்பினார். இயந்திரத்தைப் போடுங்கள் என்று நீங்கள் சத்தம் போட்டீர்கள்.

அக்கா, இனி உங்கள் கால்வலி குறையட்டும், காலைத் தூக்கம் நீளட்டும். வீட்டாரை மேய்த்து அவர்களும் எங்களைப்போல் திருந்தும்படி நீடூழி வாழுங்கள். இன்று காலை நீங்கள் வருமுன்னே மடிப்பு மேசையைச் சுற்றி நின்று உங்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டோம். அவருக்குக் கேட்டிருக்கும். உங்களுக்கும் கேட்க வேண்டுமே என்றுதான் இதைச் சத்தமாக வாசிக்கிறோம்.

நன்றி அக்கா.

இவண்,
சலவைப் பிரிவு ஊழியர்கள்

(இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர் இஸ்திரிக்காரர். நான்தான் வாசிப்பேன் என்று கேட்டு வாங்கியவர் தையல் அம்மா.)