கல்தொட்டிச் சிவப்பு

நான் ஒயினை விழுங்குவதில்லை மேடம். கொஞ்சம் வாயில் வைத்து, நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். தலைமுறையாக ஒயின் செய்கிற வீட்டில் ஒருவருக்கும் குடிப்பழக்கம் இல்லை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தை நீங்கள் வந்து பார்த்தீர்கள். காரமடைக்கு மேற்கே மலை எழும்புகிற சரிவு அது. மேல்தோட்டத்துக் கொடிகளை நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார். மாதா கோயில் பூசைக்கு ஒயின் வேண்டும் என்பதற்காகக் கப்பலில் கொடி கொண்டுவந்து நட்டாராம். அவர் காலத்துக்குப் பிறகு தோட்டம் எங்கள் பாட்டனார் கைக்கு வந்தது. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இருந்தாலும் பூசை ஒயின் எங்களிடமிருந்துதான் போனது. அப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்று வண்டி ஏற்றி அனுப்புவார்.

அந்தச் சாமியார் பாறையைக் குடைந்து ஒரு தொட்டியும் செய்துவைத்தார். இரண்டு ஆள் ஆழம். மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வாய், உள்ளே இறங்க இரும்பு ஏணி. அதில் தோலோடு ஊறி நொதித்து வருகிற ஒயினுக்குக் கல்தொட்டிச் சிவப்பு என்று பெயர். நொதிக்கும்போது கேஸ் உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் ஒயினை வடித்த பிறகும் குழியிலேயே தங்கிவிடும். இழுத்து இரண்டு மூச்சு விட்டால் முழங்கால் மடங்கும். அதனால் சக்கையை அள்ள ஆள் இறங்குவதற்கு முன்னால் ஊதுகுழாய் மாட்டிய ஃபேனை நாள் முழுக்க ஓட்டுவோம். அந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. திருமலைசாமி சொன்னால்தான் தொட்டியில் கால் வைக்கலாம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சுரேந்தர் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா போன பிறகு நான்தான் வளர்த்தேன். ஒயின் படிக்க வெளிநாடு அனுப்பியதும் நான்தான். திரும்பி வந்து கீழே ஷெட் போட்டு ஸ்டீல் டேங்க்குகளை நிறுத்தினான். என் மகன் ரித்விக் விவசாயக் கல்லூரி முடித்ததும் சித்தப்பாவோடு சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் காலையிலிருந்து அங்கேயே கிடப்பார்கள். நான் போனால் எழுந்து நாற்காலி போடுவார்கள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது.

போன வருடம் கோயமுத்தூரிலிருந்து ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். புளியமரத்தடியில் மேசை போட்டுக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி வைத்தார்கள். எது எந்தத் தொட்டி என்று சொல்லவில்லை. நான் ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துப்பினேன். ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுதான் கல்தொட்டி, இந்த ருசி வேறு எதிலும் வராது என்று விளக்கமாகச் சொன்னேன். ஹோட்டல்காரர்கள் தலையாட்டினார்கள். சுரேந்தர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, அது ஸ்டீல் டேங்க்குதுங்க. ஆனாப் பழம் நம்ம மேல்தோட்டத்துதானுங்க. அதான் உங்க நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரித்விக் அவசரமாக வேறு பேச்சை எடுத்தான். அந்தக் காரணத்துக்காகத்தான் செய்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். ஒரு டம்ளர் ஒயினுக்காக மனிதன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான். நான் தோட்டத்தைத்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சுரேந்தர் சொன்னான், இந்தப் பறிப்போடு கல்தொட்டியை நிறுத்திவிடலாம் என்று. பக்கவாட்டில் பாறையை உடைத்துப் படிக்கட்டு விட்டால் வருகிறவர்கள் உட்கார்ந்து ஒயினை ருசி பார்க்க நல்ல அறையாகிவிடுமாம்.

"உள்ள செவுத்துல அண்ணன் போட்டோவப் பெருசா மாட்டிப்போடலாமுங்க."

என் மனைவி சாந்தாமணிகூட நன்றாக இருக்கும் என்றாள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். போட்டோ மாட்டுவது பொதுவாக யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

ஆவணியில் கடைசித் தொட்டி ஒயினை வடித்துவிட்டோம். அடியில் சக்கை மட்டும் கிடந்தது. மறுநாள் காலையில் சுரேந்தர் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தான். படிக்கட்டுக்காகப் பாறையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அளவெடுக்க வேண்டும். ரித்விக்கும் கூட வந்தான். ஃபேன் தொட்டி வாயில் இருந்தது. குழாயும் உள்ளே தொங்கியது.

"ஃபேன் ஓடிருச்சுங்களாண்ணா?"

"நேத்திருந்து ஓடிச்சு தம்பி. இப்பத்தான் நிறுத்துனேன். எறங்கு."

ஃபேன் ஓடவே இல்லை. நான் வயரை மாட்டவில்லை. அவன் கேட்ட பிறகுதான் அந்தப் பதில் வாயில் வந்தது, அதுவரை நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எப்போதும் தொட்டியோரம் நிற்கிற எங்கள் பண்ணையாள் மாசாணத்தை விடிந்ததும் மேல்தோட்டத்துக்குக் கொடி வெட்டிக் கவாத்து செய்ய அனுப்பியதும் நான்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால் தீர்மானித்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுரேந்தர் இறங்கினான். ரித்விக் போன் பேசிக்கொண்டே ஷெட் பக்கம் நகர்ந்தான். உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு முறை சுவரில் அடித்தது, பிறகு கீழே போயிற்று. அவன் சக்கைமேல் விழுந்ததால் சத்தம் பெரிதாக இல்லை. நான் அங்கேயே நின்றேன். நொதித்த பழவாசனை நன்றாக இருந்தது.

ரித்விக் திரும்பி வந்து எட்டிப் பார்த்தான். கூப்பிட்டான். பதில் இல்லை.

"அப்பா, சித்தப்பா விழுந்து கெடக்கறாருங்க. கேஸ் இல்லீங்கல்ல?"

அவனுக்கும் எல்லாம் தெரியும் மேடம். எங்கள் வீட்டுப் பிள்ளை. தெரிந்துதான் கேட்டான். ஃபேன் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இறங்கமாட்டான். ஆனால் அடுத்து என்னைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு எத்தனை வருடமானாலும் அப்படித்தான் பார்ப்பான்.

"இல்ல கண்ணு. மயக்கமா இருக்கும்" என்றேன்.

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். நேரம் இருந்தது. ஏணியில் கால் வைத்துவிட்டு, "மாசாணத்தக் கயிறு எடுத்தாரச் சொல்லுங்கப்பா" என்றான்.

"பாத்து எறங்கு, வழுக்கும்" என்றேன்.

அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. உண்மையில் ஏணி வழுக்கும். அதில் பொய் இல்லை.

மாசாணத்தை நான் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இல்லை. உள்ளே சத்தம் ஓய்ந்த பிறகு கூப்பிட்டேன். அவன் சரிவில் உருண்டு புரண்டு ஓடிவந்தான். எட்டிப் பார்த்ததும், "அய்யோ சாமி, சின்னவரும் ரித்விக் தம்பியும்" என்று கத்திக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ரித்விக்கைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"எறங்காத மாசாணம். உள்ள கேஸ் இருக்குது."

திமிறினான். என்னைவிட பலசாலிதான். விடாமல் இழுத்துத் தரையில் தள்ளி மேலே படுத்துக்கொண்டேன். தீயணைப்பு வண்டி வருகிறவரைக்கும் அவன் மண்ணில் தலையை முட்டிக்கொண்டே இருந்தான்.

முதலில் விபத்து என்றுதான் எழுதினார்கள். ஃபேன் ஓடியும் கேஸ் தங்கிவிட்டது என்று நான் சொன்னேன், யாரும் மேலே கேட்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் எடுத்தோம். பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் சாந்தாமணி தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"அவன் எதாச்சும் சொன்னானுங்களா?"

"கயிறு கேட்டான்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் காத்திருந்தேன். பிறகு ஒயினைப் பாட்டிலில் அடைக்கிற வேலை வந்துவிட்டது. அந்தத் தொட்டி ஒயின் நன்றாகவே வந்திருந்தது. மாதா கோயில் சாமியார்கள் கேட்டிருந்ததால் அனுப்பிவைத்தேன்.

நேற்று விசாரணையில் மாசாணம் உங்களிடம் என்னைப் புகழ்ந்துதான் பேசினான் என்று கேள்விப்பட்டேன். பெரியவர் கேஸ் இருக்குதென்று சொல்லி என்னை இறங்கவிடவில்லை, இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன் என்றானாம். அவனுக்குச் சூது தெரியாது. அவனுக்குச் சொன்னதை மகனுக்கு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் இன்று காலையில் கேட்டீர்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தம்பியைக் கொன்றேன். மகன் என் முகத்தை அப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்காக அவனையும் இறங்கவிட்டேன். நீங்கள் எழுதுகிறபடி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மாசாணம் இன்றைக்கு உயிரோடு இருப்பது என்னால்தான். நியாயமாகப் பார்த்தால் அதையும் நீங்கள் எழுத வேண்டும்.