நாற்பதாவது கட்டம்

முதலில் ஒரு மன்னிப்பு. இதே பள்ளியில் படித்தபோது வருகைப்பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே எச்சில் விழுங்கியவள் நான். என்னை மேடையேற்றியது தலைமையாசிரியை அம்மாவின் துணிச்சல். ஏதாவது உளறினால் அவரைக் கேளுங்கள்.

தலைமை தாங்கும் தகைமையே, என் பிழைகளைச் சிவப்பு மையால் சீராட்டிய ஆசிரியப் பெருமக்களே, அரைநாள் விடுப்பில் வந்திருக்கும் அப்பாக்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே, பொறியியலா அறிவியலா என்று புருவம் சுருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? எனக்கும்தான். காதில் இதயம் அடிக்கிறது.

நாளை மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொது விருப்பப் பட்டியல் மூடுகிறது. நாற்பது கட்டங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாக நிரப்ப வேண்டும். மூன்றாம் வரிசையில் என் தங்கை இருக்கிறாள். இயற்பியல் என்றால் அவளுக்கு உயிர். அவளுடைய பட்டியல், பக்கத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் அப்பாவின் சட்டைப் பையில். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆயிரம் பேரை மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் படியில் இறங்கி வருபவர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் பட்டியலையும் அவர்தான் நிரப்பினார். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம், ஆசைப்பட்டதை எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. குடை வாங்கப் போனால் அம்மாவின் கண் பச்சைக் குடை மேல் இருக்கும். வாய் மட்டும் கறுப்பு, நீலம், சாம்பல் என்று ஒன்பதை விரிக்கச் சொல்லும். பத்தாவதாக, "அந்தப் பச்சையையும் சும்மா காட்டுங்க."

சிரிக்கும் அம்மாக்களே, உங்கள் வீட்டிலும் அப்படித்தானா?

நான் ஆசைப்பட்டது மின்பொறியியல். அம்மா பதறினார். "முதல் கட்டத்துலயே அதைக் கேட்டா பேராசை புடிச்ச குடும்பம்னு நினைக்க மாட்டாங்களா?"

"முதல்ல சின்னதா ஏதாவது கேப்போம்," என்றார் அப்பா. "கடைசியில மெதுவா நம்ம விஷயத்துக்கு வருவோம்."

மரியாதைக்காக முதல் கட்டத்தில் பீங்கான் தொழில்நுட்பம். மனத்தில் இருந்தது நாற்பதில். கணினி முதல் கட்டத்தைப் பார்த்தது, கொடுத்தது, கதவைச் சாத்தியது.

சேர்க்கை அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் மார்க்குக்கு அந்த நாற்பதாவதே கிடைச்சிருக்குமே. ஏன் இதை முதல்ல கேட்டே?"

"சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன் சார்."

"கம்ப்யூட்டருக்கு அந்தளவு நாகரிகம் தெரியாதும்மா."

நான்கு ஆண்டுகள் பீங்கான். வீட்டில் கோப்பை உடைந்தால், "இன்ஜினியரைக் கூப்பிடு" என்பாள் தங்கை. இன்று மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி, மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் தடுக்கும் பீங்கான் குமிழ்களைச் சோதிக்கிறேன். என் வேலை பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் ஆசைப்பட்ட மின்சாரம், என்னைத் தொடாமல் தாண்டிப் போவதைச் சரிபார்ப்பதுதான் அந்த வேலை.

தம்பி தங்கைகளே, ஏன் தயங்குகிறோம்? படிக்காத வீட்டிலிருந்து வந்தால் வாசலோடு நிற்க வேண்டுமா? முதல் கட்டத்தில் ஆசையை எழுதினால் இரண்டாவது கோபித்துக்கொள்ளுமா? கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கத்தானே அந்த வரிசை? அடக்கம் அழகு, அவையில். அடக்கம் அழகு, அடுத்தவர் வீட்டில். படிவத்தில் அடங்காதீர்கள். பிடித்ததை முதலில் எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்று பின்னால் தள்ளாமல் எழுதுங்கள்.

கை தட்டியவர்களுக்கும், தட்டுவதற்குள் தூங்கியவர்களுக்கும் நன்றி. விடைபெறுகிறேன், வணக்கம்.

மைக்கை வாங்க வந்த அண்ணா, ஒரு நிமிடம். நானும் அந்த வீட்டுப் பெண்தானே, கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

அப்பா, நேத்து உங்க சட்டையைத் துவைக்க எடுத்தப்போ அந்தத் தாளைப் பார்த்தேன். முப்பத்தொன்பது கட்டமும் இன்ஜினியரிங். "அவ ஆசைக்கும் ஒரு கட்டம் விட்டிருக்கேனே"ன்னு சொல்லுவீங்க. விட்டிருக்கீங்க, நாற்பதாவதுல.

எனக்காக இதுவரைக்கும் உங்ககிட்ட எதையும் முதல்ல கேட்டதில்லை. இவளுக்காகக் கேக்கறேன். அந்த இயற்பியலை ஒண்ணுல போடுங்கப்பா. பேனா உங்க பையிலதான் இருக்கு.