நடு ஏரியில் தரை

அக்கா: டேய், துடுப்புப் போடாதேன்னு சொன்னேன்ல?

தம்பி: நான் எங்க போட்டேன்? மடியிலதான் கிடக்கு, பாரு.

அக்கா: அப்ப படகு எப்படிடா போகுது?

தம்பி: காத்து...

அக்கா: காத்து எதிர்லருந்து வீசுது.

தம்பி: அக்கா... வலைக் கயிறு. விறைச்சு நிக்குது.

அக்கா: தொடாத! விரல் போயிடும்.

தம்பி: பாறையில மாட்டிக்கிச்சோ?

அக்கா: ஆமா, பாறை நம்மள இழுத்துட்டுப் போகுதாக்கும்!

தம்பி: மீனா? இந்த ஏரியில முழங்கைக்கு மேல மீனே கிடையாதுன்னு அத்தான் தினம் சொல்றாரே...

அக்கா: அவர் கிடக்கட்டும். கீழ பாரு.

தம்பி: தரைதான் தெரியுது. கறுப்பா...

அக்கா: நடு ஏரியில தரை ஏதுடா?

தம்பி: அப்ப இது...?

அக்கா: மூச்சு விடு.

தம்பி: மேல வருதுக்கா. ஐயோ... வாலு எங்க முடியுது?

அக்கா: படகையும் தாண்டி. எட்டிப் பாக்காத, கவுந்துடுவோம்.

தம்பி: மீசையே என் கைத்தண்டி இருக்கு. நம்மளையே பாக்குதுக்கா.

அக்கா: ஒரு உதறு உதறினா நாம தண்ணியில. எப்படிச் சும்மா கிடக்குது பாரேன்...

தம்பி: ஈட்டிய எடுக்கட்டா?

அக்கா: கொஞ்சம் இருடா.

தம்பி: சொல்லுக்கா. ஒரு வாரமா வெறுங்கையோட திரும்புறோம். இதைக் கரை சேத்தா ஊரே வாயப் பொளக்கும்.

அக்கா: வயித்தப் பாருடா.

தம்பி: உப்பி... சினையா?

அக்கா: இந்த ஏரியே அதுக்குள்ளதான் இருக்கு. கத்தியக் குடு.

தம்பி: வலையவா? புது வலைக்கா! அத்தான் ராப்பகலாப் பின்னினது.

அக்கா: எனக்குத் தெரியாதா? குடு.

தம்பி: இரு, இந்தப் பக்கம் நான் அறுக்கிறேன்... தொட்டுட்டேன்க்கா!

அக்கா: எப்படி இருக்கு?

தம்பி: சில்லுன்னு... உள்ள என்னமோ துடிக்குது.

அக்கா: கையெடு. போகுது... போயிடுச்சு.

தம்பி: ஒரு சுழிகூட இல்லாமப் போயிடுச்சே! ஏன்க்கா அழுற?

அக்கா: யாரு அழுதா? தண்ணி தெறிச்சுது.

தம்பி: தெறிக்கவே இல்லையே.

அக்கா: வாய மூடிட்டுத் துடுப்பப் போடு. யார்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா எல்லாப் படகும் இங்கதான் நிக்கும்.

தம்பி: அத்தான்கிட்ட?

அக்கா: அவர்கிட்டயும்தான். கட்டையில மாட்டிக் கிழிஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம். அதோ, கரையிலயே நிக்கிறாரு பாரு.

அத்தான்: என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வரீங்க? வலையில பாதியக் காணோம்?

அக்கா: அது... அடியில ஒரு கட்டை. மாட்டிக் கிழிஞ்சுடுச்சுங்க.

அத்தான்: கிழிஞ்ச மாதிரி இல்லையே. கத்தி பட்ட மாதிரில்ல இருக்கு?

தம்பி: பெரிய கட்டை அத்தான்!

அத்தான்: ம்...

அக்கா: கோபமா?

அத்தான்: கோபமா... கிட்ட வாங்க, யார் காதுலயாவது விழப்போகுது. நான் அறுத்துவிட்டப்ப நம்ம படகுல பாதிதான் இருந்துச்சு. இப்ப எவ்வளவு வளந்திருக்கு?