இடது டேங்க்

பெட்ரோல் முள்ளை நம்பி யாரும் வண்டி ஓட்டக் கூடாது. முப்பது வருடமாக ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, என் தம்பி மகள் அம்சா கொடுத்த மனுவைப் படித்துக் காட்டினீர்கள். தாய் தகப்பன் இல்லாத தன்னுடைய கல்யாணத்தைப் பெரியப்பா தாண்டவராயன் தடுத்துக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆகவே கேளுங்கள்.

விழுப்புரத்தில் என்னுடையதைப் போன்ற ஜீப் வேறு கிடையாது. ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதில் இரண்டு டேங்க். என் சீட்டுக்குக் கீழே ஒன்று, இடப்பக்கத்து சீட்டுக்குக் கீழே ஒன்று. சண்டையில் ஒன்று குண்டு பட்டு ஒழுகினாலும் மற்றதை வைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். என் காலருகே பித்தளையில் ஒரு டேப். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். முள் மட்டும் ஒன்றுதான். அது எந்த டேங்கைக் காட்ட வேண்டும் என்பதற்கு டாஷ்போர்டில் தனி சுவிட்ச். டேப்புக்கும் சுவிட்சுக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டி காலியான இடது டேங்கில் ஓடும்போது, முள் நிறைந்திருக்கும் வலது டேங்கைக் காட்டிக்கொண்டிருக்கலாம். டேப்பைத் திருப்பியதும் வண்டி நிற்காது. குழாயில் தங்கிய பெட்ரோலில் இன்னும் அரை மைல் போகும். நல்ல அமைப்பு.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய் அங்கே சாப்பிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டதாக அர்த்தம். கை நனைப்பது என்போம். போகிற வழியில் வண்டி நின்றால் அது தடை, திரும்பிவிட வேண்டும். இது நான் ஏற்படுத்திய வழக்கம் அல்ல.

எண்பத்திரண்டில் முதல் சம்பந்தம். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த குடும்பம். பையனின் அப்பா என்னோடு பேசும்போது பல் குத்தினார். விக்கிரவாண்டி தாண்டியதும் டேப்பை இடப்பக்கம் திருப்பினேன். வெயில் நேரம், வண்டியில் பெண்கள் இருந்தார்கள். புளிய மரத்து நிழலில் நிற்கும்படி கணக்குப் பண்ணித்தான் திருப்பினேன். முள் முழு டேங்க் காட்டியது. எல்லாரும் இறங்கி வண்டியை ஊரைப் பார்த்துத் தள்ளித் திருப்பினார்கள். நான் ஏறி, டேப்பை வலப்பக்கம் மாற்றினேன். கிளம்பிவிட்டது.

என் அக்கா லட்சுமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மூஞ்சிய வூட்டுப் பக்கம் திருப்புனதும் ஓடுதேடா! அம்மனே வேணாங்குது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்தானே பொய்.

எண்பத்து நான்கில் கிளியனூர் வாத்தியார். நான் உட்காருவதற்கு முன்னால் உட்கார்ந்தவர். அந்தத் தடவை மயிலம் கூட்டுரோட்டுக்கு அப்பால் நின்றது. அங்கே வேப்ப மரம்.

அதன் பிறகு ஊரில் ஒரு பேச்சு வந்தது. ஒரு வளைகாப்பில் அம்சா வளையலைக் கையில் எடுத்தாள். எங்கள் பங்காளி வீட்டுக் கெங்கம்மாள் அதை வாங்கிக்கொண்டு, "நீ அப்பால நில்லு கண்ணு. வண்டியையே நிறுத்துற ராசி உனுது" என்றாள். அம்சா சமையற்கட்டுக்குப் போய் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். நான் பந்தியில்தான் இருந்தேன். வடை நன்றாக இருந்தது.

மூன்றாவது, போன வாரம். பையன் வேங்கடேசன், திண்டிவனத்தில் ஏதோ ஓர் ஆபீஸில் ஜீப் டிரைவர். அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறவன். அம்சாவுக்குப் பிடித்திருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டித் திருப்பினேன். நின்றது. நேரமாகிறதே என்று அவன் சைக்கிளில் எதிரே வந்துவிடுவான் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

"வணக்கம் மாமா. பெட்ரோல் கீதா?"

இன்னும் கை நனைக்கவில்லை, அதற்குள் மாமா. "முள்ளைப் பார்" என்றேன்.

"முள்ளு ஃபுல்லு காட்டுது. எந்த டேங்க்ல வுட்டுக்கினு வந்தீங்க?"

தள்ளுவதற்காகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "எந்த டேங்கா? எத்தினிடா கீது?"

"ரெண்டும்மா. எங்க ஆபீஸ் பழைய வண்டியும் இதே மாரிதான்."

குனிந்து டேப்பைத் திருப்பினான். ஜீப் திண்டிவனத்தைப் பார்த்தபடியே கிளம்பியது. பிறகு அக்காதான், "நாலு வருசமா பொண்ண ராசி கெட்டவள்னு ஊர் சொல்றத கேட்டுக்கினு சோறு துன்னியேடா" என்றாள். எல்லாரும் போய்க் கை நனைத்தார்கள். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். தேதி குறிக்கவும் போகவில்லை. அதனால் அம்சா உங்களிடம் வந்துவிட்டாள்.

தன்னை அனுப்பிவிட்டால் என் வேட்டிகளுக்கு யார் கஞ்சி போடுவது என்றுதான் நான் இப்படிச் செய்ததாக மனுவில் ஒரு வரி இருக்கிறது. அது தவறு. முதல் தடவை எனக்கு அந்த நினைப்பே இல்லை. இரண்டாவது தடவைதான் வந்தது.

செய்தவன் நானேதான். மூன்று முறையும். குடும்பத்துக்கு ஏற்ற இடம் அமைய வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் கிடையாது. வியாழக்கிழமை காலை மயிலம் கோயிலில் அவர்களுக்குக் கல்யாணம் என்கிறீர்கள். தடுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். காகிதத்தைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போவது பெரியப்பாவின் உரிமை. அன்றைக்கு ஜீப்பை நான்தான் ஓட்டுவேன். முகூர்த்தத்துக்குள் போய்ச் சேருவது முருகன் விட்ட வழி.