நெஸ்டரை ஏன்யா அனுப்பினீங்க?

— வாயை நல்லாத் திறங்க, கிரேயம். இன்னும். காலையில பத்திரிகைக்காரங்க முன்னாடி அவ்வளவு பெருசாத் திறந்தீங்கல்ல, இங்க மட்டும் என்ன வெட்கம்?

— வாண்டா, பல்லைப் பாக்குறதுன்னா பல்லைப் பாருங்க. டீம் விஷயம் வேண்டாம்.

— பல்லைத்தான் பாக்குறேன். லொரெய்ன், அந்த லைட்டை இப்படித் திருப்பு. அடக் கடவுளே, கீழ்க் கடைவாய்ப் பல்லு ரெண்டாப் பிளந்திருக்கே! எதைக் கடிச்சீங்க?

— டோஸ்ட்டு.

— டோஸ்ட்டுக்கெல்லாம் இப்படிப் பிளக்காது. தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிச்சிருக்கீங்க, ஒரு மாசமாவது இருக்கும். டீமுக்கே ஜெனரல் மேனேஜர், யாரை வச்சுக்கணும் யாரைத் துரத்தணும்னு முடிவு பண்ற பெரிய மனுஷன். உங்க தூக்கம் கெட்டுப்போக அப்படி என்ன வந்துச்சாம்?

— ஊசி போடப் போறீங்களா இல்லையா?

— இந்தா, போட்டாச்சு. மரத்துப் போகப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எங்கயும் ஓட முடியாது. சொல்லுங்க. நெஸ்டரை ஏன்யா அனுப்பினீங்க?

— டாக்டர், அடுத்த ரூம்ல மிஸ்டர் ப்ரோடி காத்துக்கிட்டு இருக்காரு.

— இருக்கட்டும் லொரெய்ன். அவரும் இதையேதான் கேக்கச் சொன்னாரு.

— பேஸ்பால்ல இது சகஜம் வாண்டா. ஒருத்தரை வேற டீமுக்குக் குடுத்து ரெண்டு பேரை வாங்கியிருக்கோம். ரெண்டும் நல்லாப் பந்து வீசுற பசங்க.

— அந்தப் பசங்களை அவங்க அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்? பதினோரு வருஷம்யா! சாண்டோ டொமிங்கோ வெயில்ல பிறந்த மனுஷன். ஏப்ரல்ல இங்க பனி கொட்டும், ஏரிக்காத்து எலும்பைக் கடிக்கும். விரலை ஊதி ஊதிச் சூடு பண்ணிக்கிட்டு ஆடினாரு. இரும்பாலையை மூடின அன்னிக்கு எங்க அண்ணனோட கேட்டு வாசல்ல வந்து நின்னாரு. எங்க சர்ச்சுல பியரோகிக் கொழுக்கட்டை பண்றப்ப மாவு பிசைஞ்சு குடுத்தாரு. இந்த ஊர்க்காரர்யா அவரு!

— எனக்குத் தெரியாதா? அவரை இங்க கொண்டு வந்தவனே நான்தான்.

— கொண்டு வந்தவருக்கே இப்படித் தூக்கிக் குடுக்க மனசு வந்துச்சே!

— மே மாசத்துலேருந்து அவரால அடிக்க முடியலை வாண்டா. நீங்களும்தான் பாக்குறீங்க.

— அடிக்க முடியலைன்னா என்ன? நாங்க ஒரு வார்த்தை சொன்னோமா? போன வியாழக்கிழமை நாலு தடவை மட்டையைச் சுத்திட்டு வெறுங்கையோட திரும்பினாரு. வேற ஊரா இருந்தா ஊளையிட்டே கொன்னிருப்பாங்க. நான் க்ளினிக்கை மூடிட்டு இந்த வெள்ளைக் கோட்டோடயே ஓடுறவ. மூணாவது பேஸ் பக்கம், முதல் வரிசை. நான்தான் முதல்ல எழுந்து நின்னு கை தட்டினேன். என்னைப் பாத்து என் வரிசை, அதைப் பாத்து மொத்த மைதானமும்! ஆறு வாரமா, அவரு அவுட்டாகுற ஒவ்வொரு தடவையும்.

— அது... நீங்களா?

— நானேதான். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? மருந்து ஏறிடுச்சா?

— ஏறிடுச்சு. சீக்கிரம் குடைங்க.

— குடையுறேன். லொரெய்ன், அந்த எச்சில் குழாயை வை. இப்ப நீங்க பேச முடியாது, நான் பேசுறேன். எங்களுக்குச் சட்டம் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பத்து வருஷம் ஆடி, அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்ல இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாம அசைக்கவே முடியாது. நெஸ்டர் சம்மதிக்கிற ஆளா? என்ன சொல்லி மிரட்டினீங்க?

— ஆங்... ம்ஹ்ம்... ஆ...

— டாக்டர், கையை ஆட்டுறாரு. வலிக்குது போல.

— வலிக்கட்டும். இப்ப மரத்திருக்கிறது உதடுதான். மனசு எப்பவோ மரத்துப்போச்சு.

— டாக்டர்!

— சரி சரி, நிறுத்திட்டேன். கொப்புளிங்க. வலிச்சுதா?

— இல்லை. மித்... மிரட்டலை. யாரும் மிரட்டலை.

— அப்ப வயசாச்சு, கிளம்புன்னு சொன்னீங்களா?

— எல்லாம் என் முடிவுன்னே வச்சுக்கங்க. சாயங்காலம் மைதானத்துல என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.

— உங்களைத் திட்டி என் தொண்டையை ஏன் கெடுத்துக்கணும்? நாங்க வேற ஏற்பாடு பண்ணியாச்சு. ஆகஸ்டு ஒன்பதாம் தேதி அந்தப் புது டீமோட நெஸ்டர் இங்க ஆட வர்றாரு. மட்டையோட அவரு வந்து நின்னதும் மொத்த ஊரும் எழுந்து நிக்கும். பத்து நிமிஷம் கைதட்டல்! அடிச்சாலும் தட்டுவோம், அவுட்டானாலும் தட்டுவோம். நோட்டீஸ்கூட அடிக்கக் குடுத்தாச்சு.

— வேண்டாம் வாண்டா.

— என்னது?

— கை தட்டாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன், அவருக்குக் கை மட்டும் தட்டாதீங்க.

— ஏன், உங்க மானம் போயிடுமோ?

— என் மானம் காலையிலயே போயிடுச்சு. வெளியில சொல்லக் கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

— எதை? யோவ், பாதிப் பல்லு திறந்து கிடக்கு. சொல்லாம இந்த நாற்காலியை விட்டு இறங்க முடியாது, பாத்துக்கங்க.

— போன மாசம் அவரேதான் வந்தாரு. சம்மதக் காகிதத்துல முதல் கையெழுத்தே அவரோடதுதான்.

— பொய்!

— ‘என்னைத் திட்டுற ஊராப் பாத்து அனுப்பு’ன்னாரு.

— திட்டுற ஊரா? பைத்தியமா அவருக்கு?

— ‘இத்தனை நாள் சொதப்பியிருக்கேன், ஒருத்தராவது ஊளையிட்டாங்களா? ஊளையிட்டா எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா அடிச்சிருவேன். இவங்க ஆஸ்பத்திரியில கிடக்கிறவனைப் பாக்க வந்த மாதிரி தட்டுறாங்க. என்கிட்ட இன்னும் ரெண்டு வருஷ ஆட்டம் இருக்கு, கிரேயம்’னு அழுதாரு.

— டாக்டர், கொஞ்சம் உட்காருங்க.

— நான் நின்னுக்குறேன் லொரெய்ன். வேற என்ன சொன்னாரு?

— விடுங்க வாண்டா. பல்லை அடைங்க.

— சொல்லுங்க கிரேயம்.

— ‘மூணாவது பேஸ் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா. நான் அவுட்டானதும் அவங்கதான் முதல்ல எழுந்திருக்குறாங்க. அந்த அம்மா ஒரே ஒரு நாள் உட்கார்ந்தே இருந்திருந்தா, நான் இங்கயே இருந்திருப்பேன்.’