பார்த்ததாகச் சொன்னால் போதும்

பெயர்: அன்ரனெற் அருள்நாயகம்
வயது: 56
தொழில்: தாதியியல் கல்லூரிப் பயிற்றுநர்
வதிவிடம்: மில்லிக்கன், ஸ்காபரோ
இடம், திகதி: ஸ்காபரோ பொலிஸ் நிலையம், 2025 ஏப்ரல் 2, புதன்கிழமை, முற்பகல் 10.10
பதிவு செய்தவர்: கான்ஸ்டபிள் சுலக்சன்

மேலே உள்ள பெயரும் விபரமும் என்னுடையவை. நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்று கான்ஸ்டபிள் சுலக்சன் விளங்கப்படுத்தினார். விளங்கியது. இதே விடயம் பற்றி மார்ச் 28 அன்று இங்கேயே ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதன் ஒரு பகுதி உண்மையல்ல. அதைத் திருத்துவதற்காக இன்று நானாக வந்திருக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை. எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழில் சொன்னால் வேறொருவர் எழுதித் தந்த வசனம் என் வாயில் வராது என்பதால் தமிழில் சொல்கிறேன்.

நான் மன்னாரில் பிறந்து 1992ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்தேன். பத்தொன்பது வருடங்கள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தேன். நோயாளரைத் தூக்கித் தூக்கி முதுகு போனதால் அந்த வேலையை விட்டு, 2017ஆம் ஆண்டு முதல் கல்லூரியின் சிமுலேஷன் லாப்பில் பயிற்றுநராக இருக்கிறேன். சிமுலேஷன் லாப் என்பது ஆஸ்பத்திரி வாட் போலவே கட்டில், திரை, ஒட்சிசன் குழாய் எல்லாம் வைத்து, நோயாளிக்குப் பதிலாக ஆளளவு பொம்மைகளைக் கிடத்தி மாணவர்களைப் பழக்கும் இடம். பொம்மைக்கு மூச்சு வரும், நாடி துடிக்கும், இருமும். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மைக்கில் அதற்குக் குரல் கொடுப்பேன். மாணவர் ஒவ்வொரு காரியமாகச் செய்யச் செய்ய என் தாளில் சரி போடுவேன். ஒரு பொம்மைக்கு ஒரு நாளில் எட்டு நோய் வரும். காலையில் அது நெஞ்சுவலிக்காரர், பதினொரு மணிக்குப் பிள்ளை பெற்ற பெண், பின்னேரம் சீனி வருத்தக்காரர்.

நோயாளிக்கு மருந்து கொடுக்க முதல் அவருடைய மணிக்கட்டில் உள்ள கைப்பட்டியை எடுத்து, பெயரையும் பிறந்த திகதியையும் வாசித்து, மருந்துத் தாளோடு ஒப்பிட வேண்டும். தாதி வேலையில் முதலாம் பாடம் அதுதான். 2021ஆம் ஆண்டு கொவிட்டுக்குப் பிறகு லாப்பைத் திறந்தபோது மாணவர்கள் பொம்மையைத் தொடக்கூடாது என்று தரையில் மஞ்சள் ஒட்டுநாடா ஒட்டியிருந்தோம். அதன் காரணமாக, கட்டிலின் கால்மாட்டில் நின்று, செய்ய வேண்டியதை உரத்துச் சொன்னால் போதும் என்று ஒழுங்கு செய்தோம். 'கை கழுவினேன்', 'கைப்பட்டியைப் பார்த்தேன்', 'பெயரும் பிறந்த திகதியும் சரி' என்று மாணவர் சொல்வார். நான் சரி போடுவேன். அடுத்த வருடம் ஒட்டுநாடாவைக் கிழித்தாயிற்று. அந்த வசனங்களை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

அவற்றை வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தது நான்தான். மூன்று பொம்மைகளில் ஒன்று பழுதாகிப் போனது, வகுப்போ இருபத்துநான்கு பேரிலிருந்து நாற்பத்தொரு பேராக வளர்ந்தது. ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலே அன்றைக்கு முடிக்க ஏலாது. மேலும் பொம்மையின் கையில் ஒரே ஒரு பட்டிதான் இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர். ஒவ்வொரு நோய்க்கும் புதுப் பட்டி அச்சடித்து மாட்ட எனக்கு நேரமும் இல்லை, உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை. நான் களைத்துப்போயிருந்தேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, நடந்தபடி சொல்கிறேன்.

இந்த வருடம் பெப்ரவரி 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1.40 அளவில், மாணவி நிரூபா வினோதனின் முறை வந்தது. வயது 21, இரண்டாம் வருடம். அன்றைய பொம்மை சீனி வருத்தமுள்ள ஆண். இன்சுலின் போட வேண்டும். நிரூபா கால்மாட்டில் நிற்காமல் நேரே போய்ப் பொம்மையின் கையைத் தூக்கிப் பட்டியை வாசித்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, இது என் நோயாளியின் பெயர் இல்லை, மருந்து கொடுக்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெளியில் இன்னும் பதினாறு பேர் நின்றார்கள். நான் மைக்கில், நேரம் போகிறது, பார்த்ததாகச் சொல்லிவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள் என்றேன். என் குரல் கடுமையாக இருந்தது. வகுப்பு முடிந்த பின்னர் அவர் நடைபாதையில் வந்து தமிழில் கேட்டார்.

"மிஸ், அப்ப நான் பாக்கத் தேவையில்லையோ?"

"சொன்னாக் காணும் பிள்ளை. பின்னால ஆக்கள் நிக்கினம்" என்றேன்.

'லாப்பில் மட்டும்தான்' என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. வேறெந்த நாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நிரூபா ஒருபோதும் பட்டியைத் தொடவில்லை. கால்மாட்டில் நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் சொல்வார், நான்கு செக்கனில் முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டி, இப்படிச் செய்யுங்கள் என்றும் சொன்னேன். என் தாள்களின்படி இந்தப் பருவத்தில் அவர் பதின்மூன்று தடவை கைப்பட்டியைப் பார்த்ததாகச் சொன்னார், ஒரு தடவை உண்மையாகப் பார்த்தார். பார்த்த அந்த ஒரு தடவைக்கு நான் இரண்டு புள்ளி குறைத்தேன்.

அதன் பின்னர் மார்ச் 18ஆம் திகதி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் நடந்ததை நான் நேரில் காணவில்லை. நிரூபாவும், அன்றைக்கு அவருக்குப் பொறுப்பாக இருந்த தாதி றெபேக்காவும் தனித்தனியே எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். இருவரும் சொன்னதில் வித்தியாசம் இல்லை. அது இரண்டு கட்டில் அறை. அமிர்தநாதர் என்ற 81 வயதுப் பெரியவர் ஜன்னல் பக்கம் கிடந்தார். அவருக்குச் சீனி வருத்தம் இல்லை. கழிவறைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதால், அன்று விடிய ஆறரைக்கு அவரை வாசல் பக்கக் கட்டிலுக்கும், அங்கே கிடந்த சீனி வருத்தக்காரரை ஜன்னல் பக்கத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள். வாசல் பலகையில் பெயர்களை மாற்றவில்லை. பட்டியை வாசிக்கும் ஸ்கானரும் திருத்தத்துக்குப் போயிருந்தது. காலை 7.50க்கு றெபேக்காவும் நிரூபாவும் சேர்ந்து இன்சுலினை அளந்து எடுத்தார்கள். அளவு சரி. அறை வாசலில் றெபேக்காவை யாரோ கூப்பிட, அவர் அங்கேயே நின்று அவர்களோடு கதைத்தார். நிரூபா உள்ளே போய், பலகையில் இருந்தபடி வாசல் பக்கக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கைப்பட்டியைப் பார்த்ததாக நான் கற்பித்தபடி கூறினார். பெயரும் பிறந்த திகதியும் சரி என்றும் கூறினார். நித்திரையாகக் கிடந்த அமிர்தநாதருக்கு ஊசியைப் போட்டார். வாசலில் நின்ற றெபேக்கா அந்த வசனத்தைக் கேட்டு, சரிபார்த்ததாக ஒப்பமிட்டார். றெபேக்கா 2021ஆம் ஆண்டு அதே லாப்பில் என்னிடம் படித்தவர்.

"அவ வடிவா உரத்துச் சொன்னவ மிஸ். கேட்டிட்டுத்தானே நாங்கள் ஒப்பம் வைக்கிறனாங்கள்" என்று றெபேக்கா எனக்குப் போனில் சொன்னார்.

அமிர்தநாதர் அன்று காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. பத்தரை மணிக்கு அவர் வியர்த்து, கூப்பிட்டும் அசைவின்றிக் கிடப்பதைக் கண்டார்கள். தேவையில்லாத இன்சுலினால் இரத்தத்தில் சீனி இறங்கிப்போயிருந்தது, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் கண் திறக்கவில்லை. மார்ச் 27ஆம் திகதி வியாழக்கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவில் காலமானார்.

மார்ச் 19ஆம் திகதி, கல்லூரிக் கார்த் தரிப்பிடத்தில் நிரூபா என் காருக்குக் கிட்ட நின்றார். தகப்பன் வினோதன் தங்கள் காரில் இருந்தார், இறங்கவில்லை. கல்லூரி தன்னை இடைநிறுத்திவிட்டதாகவும், செய்யாததைச் செய்ததாகப் பொய்ப்பதிவு போட்டார் என்று விசாரிப்பதாகவும் நிரூபா சொன்னார். அது நிரூபணமானால் அவர் இந்த நாட்டில் எங்கேயும் தாதியாக முடியாது. பொலிஸ் வழக்கும் வரலாம்.

"மிஸ், ஐ ஸ்வெயர், நான் பொய் சொல்லேல்லை. சொன்ன உடன பாத்தது மாதிரித்தான் எனக்கு இருந்தது. நான் பாத்தனான் எண்டுதான் நினைச்சனான்" என்றார்.

அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான், "சரி பிள்ளை, வீட்டை போங்கோ, குளிருது" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் லாப்பின் பொறுப்பாளர் எட்வேட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவரும் நித்திரை கொண்டவர் போலத் தெரியவில்லை. மேசையில் ஒரு தாள் இருந்தது. லாப்பில் வாயால் சொல்வது பயிற்சிக்கு மட்டுமே, வாட்டில் கட்டாயம் கையால் செய்ய வேண்டும் என்று ஜனவரி 8ஆம் திகதி முதல் வகுப்பில் மாணவர் அனைவருக்கும் பயிற்றுநர் சொன்னார் என்று அதில் இருந்தது. பயிற்றுநர் என்ற இடத்தில் என் பெயர். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: உங்களை யாரும் குறை சொல்லவில்லை, இது இல்லாவிட்டால் பாடநெறியையே மூடுவார்கள், மற்ற நாற்பது பேரின் வருடமும் போய்விடும், நீங்கள் எப்போதாவது சொல்லித்தான் இருப்பீர்கள். எப்போதாவது சொல்லியிருப்பேன் என்று நானும் நம்பப் பார்த்தேன். கதிரையில் இருக்காமல், நின்றபடியே ஒப்பமிட்டேன். மார்ச் 28 அன்று இங்கே வந்து அதையே சொன்னேன். அதைத்தான் உண்மையல்ல என்கிறேன். ஜனவரி 8 அன்று நான் லாப் சப்பாத்தைப் பற்றியும் கார்த் தரிப்பிட அனுமதியைப் பற்றியும் மட்டுமே பேசினேன்.

மார்ச் 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில், அமிர்தநாதரின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த மண்டபத்துக்குப் போனேன். அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. அவருடைய மகள் என்னைக் கோயில் ஆள் என்று நினைத்து, தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, பக்கத்தில் இருந்து கதைத்தார்.

"பிழை விடுறது மனிசர்தான் அக்கா. அதை நான் மன்னிப்பன். ஆனா பாத்தன் எண்டு சொல்லிப்போட்டுப் பாக்காமல் விட்டிருக்கிறாள். அது பொய்யெல்லோ. பொய்யை எப்பிடி மன்னிக்கிறது?"

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளை சொன்னது பொய்யல்ல. எங்கள் லாப்பில் அந்த வசனம்தான் கைப்பட்டியைப் பார்ப்பது. அப்படி அதை ஆக்கியவள் நான். உண்மையாகப் பார்த்த பிள்ளையைப் பார்க்காதே என்று திருத்தியவளும் நான்.

லாப் வகுப்புகள் யாவும் வீடியோவில் பதிவாகும். பெப்ரவரி 11 வகுப்பின் பதிவு கல்லூரிக் கணினியில் உள்ளது, பருவம் முடியும் ஏப்ரல் 18 அன்று அழிபடும். அதில் நிரூபா பொம்மையின் கையைத் தூக்குவதும் மைக்கில் என் குரலும் இருக்கும். அழிபட முதல் அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் புள்ளித் தாள்கள் பதினான்கையும் இத்துடன் ஒப்படைத்துள்ளேன். இதனால் என் வேலை போகும், தாதிப் பதிவும் போகலாம் என்று தெரியும்.

நான் சொல்லி முடித்ததும் கான்ஸ்டபிள் ஐந்து பக்கத்தையும் அச்செடுத்து என் முன்னால் வைத்து, கடைசி வரியைக் காட்டினார்.

"அன்ரி, வாசிச்சுப் பாத்து விளங்கினதெண்டு இதில கிடக்கு. கீழ ஒப்பம் வைச்சாக் காணும், எல்லாரும் அப்பிடித்தான் வைக்கிறவை" என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் பொறுமையாக இருந்தார். மூன்றாம் பக்கத்தில், நிரூபா கட்டிலின் கால்மாட்டில் நின்ற இடத்தில், 'கைப்பட்டியைப் பார்த்ததாகப் பொய் கூறினார்' என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை. பேனை கேட்டு வாங்கி, 'பொய்' என்பதை வெட்டி, 'நான் கற்பித்தபடி' என்று எழுதி, பக்கத்தில் என் முன்னெழுத்துகளை இட்டேன். இந்தத் திருத்தமும், இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதும் என் வேண்டுகோளின்படி இங்கே சேர்க்கப்பட்டுள்ளன. மற்ற யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன, உண்மையானவை.

ஒப்பம்: அன்ரனெற் அருள்நாயகம்
எனக்கு முன்னால் ஒப்பமிட்டார்: கான்ஸ்டபிள் சுலக்சன்