மாடியில பேய் இல்ல

பேயா? எங்க மாடியிலயா? யாரும்மா சொன்னா, முனைக்கடை ஜெராக்ஸ்காரரா? அவரு வாய வெச்சுகிட்டு சும்மா இருக்க மாட்டாரே. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. வாடகைக்கு வீடு பாக்க வந்தவங்கள வாசல்லயே நிக்கவெச்சுப் பேய்க்கதை பேசினா நல்லாவா இருக்கு? சாவி தரேன். அதுக்கு முன்னால விஷயத்தச் சொல்லிடறேன்.

அந்தப் பேய மாடிக்குக் கொண்டுவந்தது நான்தான். மந்திரம் கிந்திரம் ஒண்ணும் இல்லம்மா, நான் கவிதை எழுதுவேன். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? பேய்னு சொன்னப்போ கூட நீங்க இவ்வளவு பயப்படலையே!

ஒரு மாசப் பத்திரிகை இருக்கு. மழைக்காலம் வந்தா பேய்ச் சிறப்பிதழ் போடுவாங்க. அதுல கடைசிப் பக்கத்துல, விளம்பரத்துக்குக் கீழ, ஓரமா என் வெண்பா வரும். புதுக்கவிதைன்னா பேய் இஷ்டத்துக்கு நடமாடலாம். வெண்பாவுல அது நடக்காது. ஒரு சொல்லு இப்படி முடிஞ்சா அடுத்தது இப்படித்தான் தொடங்கணும்னு சட்டம் இருக்கு. பிசகினா தளை தட்டுதுன்னு சொல்லுவோம். கடைசி அடி வேற குட்டையா முடியணும். என் பேய் பாவம், டோக்கன் வாங்கிட்டு, பேரக் கூப்பிட்டப்பறம் உள்ள வர்ற பேய். பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கறதுதானே என் வேல, அந்தப் புத்தி எங்க போகும்? அங்க டாக்டர் மிஷின விர்ருனு ஒரு தடவ ஓட்டினா மொத்த ஹாலும் நடுங்கும். நான் இத்தன வருஷமா எழுதி ஒரு குழந்தையக் கூட பயமுறுத்தினதில்ல.

மாடிக்கு எப்படி வந்துச்சா? எதுகையால. மொதல்ல கூரையிலதான் வெச்சேன். அதுக்கு எதுகை தேடினா தேரைதான் கிடைச்சுது. பேயப் பாக்க வந்தவங்க தேரையப் பாக்கணுமா? மாடியில வெச்சா ஓடி, தேடி, நாடின்னு வரிசையா வந்து நிக்குது. சரின்னு மாடியிலயே குடி வெச்சுட்டேன். கேளுங்க:

மாடிப் படியில் மழைநனைந்த பேயொன்று
தேடித் துணிகேட்கும் பார்.

சிரிக்கிறீங்க. பத்திரிகை ஆசிரியரும் இப்படித்தான் சிரிச்சாரு. பயமே வரலம்மா, ஒரு துண்டு எடுத்துக் குடுக்கணும்போல இருக்குன்னாரு. ஆனா ஜெராக்ஸ்காரர் என் பேரு, மாடி, பேய் மூணையும் சேத்துப் படிச்சாரு. இப்ப வீடு பாக்க யாரு வந்தாலும் அந்தப் பக்கத்தப் பிரதி எடுத்துக் குடுக்கறாராம். என் கவிதைக்கு இருக்கற ஒரே பதிப்பாளர் அவருதான்.

என்னது, தையல் மிஷினா? தாராளமா வெச்சுக்கோங்க. போன இடத்துல சத்தம்னு காலி பண்ணச் சொன்னாங்களா? இங்க அந்தப் பேச்சே கிடையாது. கடகடன்னு ஓடட்டும். வீடு வீடா இருக்கும்.

முன்ன யாரு இருந்தாங்களா? என் தங்கச்சிதான். கணக்கு டீச்சரா இருந்தா. முட்டிவலி, கைத்தடி ஊனித்தான் நடப்பா, அதனால கீழ இறங்கறதே அபூர்வம். நான் எழுதினத படிக்கட்டு அடியில நின்னு சத்தமாப் படிப்பேன். சரியா இருந்தா மேல மூச்சு பேச்சு இருக்காது. தளை தட்டிச்சோ, கைத்தடியால தரையில டொக்குனு ஒரு போடு போடுவா. வரி முடியற வரைக்கும் பொறுக்க மாட்டா, எந்தச் சொல்லு பிசகோ அந்தச் சொல்லுமேலயே டொக். எனக்குக் கோவம் பொத்துகிட்டு வரும். போடி, நீ ஒரு வரி எழுதிக் காட்டுன்னு கத்துவேன். எனக்கு எழுத வராதுக்கா, உனக்குந்தான்னு மேலேருந்து பதில் வரும்.

இப்ப சொன்னேனே, அந்த ரெண்டு அடிக்கு அவ தட்டவே இல்ல. மாடியில இருக்கறது நான் ஒருத்திதானே, அப்போ நீ யாரப் பேய்ங்கறேன்னு மட்டும் கேட்டா. ஒரு வாரம் அதச் சொல்லிச் சொல்லியே சிரிச்சா.

போன மழைக்காலத்துல போயிட்டாம்மா. நெஞ்சுவலி. அட, எந்திரிக்காதீங்க, மேல இல்ல, ஆஸ்பத்திரியிலதான்.

இந்த வருஷம் ஆசிரியர் ஃபோன் பண்ணினாரு. என்னம்மா, அனுப்பினது எல்லாத்துலயும் தளை தட்டுதே, உடம்பு கிடம்பு சரியில்லையான்னாரு. கவனிக்கல சார்னேன். கவனிக்காமயாவது ஒண்ணாவது! வேணும்னேதான் தப்பா எழுதினேன். வேலை விட்டு வந்ததும், செருப்பக் கூட கழட்டாம, படிக்கட்டு அடியில நின்னு ஒவ்வொண்ணா படிச்சேன். கேக்கவே கூசற தப்பும்மா, டோக்கன் வாங்க வர்றவங்க கூட கண்டுபிடிச்சிருவாங்க. ஒரு தப்பு கேட்டா அவளுக்கு இருப்பு கொள்ளாது. செத்தாலும் பொறுக்க மாட்டான்னு நெனச்சேன். பொறுத்துகிட்டா. ஒரு சத்தம் வரல. இந்த வயசுல படிக்கட்டப் பாத்து நின்னு அழுதேன், வெக்கக்கேடு.

அதனால என் பேச்ச நம்பலாம். இந்த வீட்ட என்னளவுக்குச் சோதிச்சுப் பாத்தவங்க யாரும் கிடையாது. மாடியில பேய் இல்ல.

இந்தாங்க சாவி. மிஷின ஜன்னலோரம் போட்டுக்கோங்க, வெளிச்சம் நல்லா வரும். எந்நேரம் வேணா ஓட்டுங்க. கதவுக்குப் பின்னால ஒரு கைத்தடி சாத்தியிருக்கும். எடுக்க எனக்கு மனசு வரல, அது பாட்டுக்கு இருக்கட்டும். அதால தரையில மட்டும் தட்டிடாதீங்கம்மா. நான் பேப்பரத் தூக்கிகிட்டு மேல ஓடி வந்துருவேன்.